ஆஃபீஸ் செட்டிங்குகளை எங்கே எழுதுவது: இன்ஸ்டாலரிலா, பாலிசியிலா?

ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பல அலுவலகங்களில் புதிய பதிப்புக்கு மாறும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. எந்தப் பதிப்பை வாங்குவது என்று பேசி முடித்ததும் பாதி வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்கு அடுத்து வரும் கேள்விதான் வருடக்கணக்கில் கூடவே இருக்கப்போகிறது: எல்லோருக்கும் பொதுவாக வேண்டிய செட்டிங்குகளை எந்த இடத்தில் எழுதி வைப்பது? மேக்ரோ (கோப்புக்குள் இருக்கும் சிறு நிரல்) ஓடலாமா, கோப்பு எந்த வடிவத்தில் சேமிக்கப்பட வேண்டும், அலுவலக டெம்ப்ளேட்கள் எந்த ஃபோல்டரிலிருந்து வர வேண்டும், தமிழுக்கு எந்த எழுத்துரு. இவற்றை எழுத ஐந்து இடங்களாவது இருக்கின்றன. எதில் எழுதினாலும் முதல் நாள் வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து ஒன்றை மாற்ற வேண்டி வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுபடி இன்ஸ்டால் செய்யாமல் எளிதில் மாற்ற முடியாதவற்றை இன்ஸ்டாலரில் எழுதுங்கள். மற்றதெல்லாம் பாலிசிக்கு, அதாவது நிர்வாகி ஒரே இடத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பும் விதிகளுக்கு, போகட்டும். பாலிசியிலும் பூட்டியே ஆக வேண்டிய சிலவற்றைப் பூட்டிவிட்டு, மீதியைப் பயன்படுத்துகிறவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

யாருடைய செட்டிங் என்ற சிக்கல்

விண்டோஸ் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கணினிக்கு என்று ஒரு பகுதி உண்டு. அதில் லாகின் செய்யும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதியும் உண்டு. வேர்ட், எக்செல், அவுட்லுக் இவற்றின் விருப்பங்களில் பெரும்பாலானவை பயனரின் பகுதியில்தான் இருக்கின்றன. ஆனால் அலுவலகம் முழுவதற்கும் ஒரு மென்பொருளை அனுப்பும்போது இன்ஸ்டாலர் பொதுவாக ஓடுவது 'சிஸ்டம்' என்ற கணக்கில். அந்த ஸ்கிரிப்டில் நடப்புப் பயனர் பகுதியில் எழுது என்று ஒரு வரி இருந்தால், அது சிஸ்டம் கணக்கின் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கணினி முன் உட்காரும் மனிதருக்கு அது போய்ச் சேராது. பிழைச் செய்தியும் வராது. லாக் கோப்பைத் திறந்து பார்த்தால் எல்லாம் வெற்றி என்றே இருக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆகவே ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது நான் கேட்பவை இவை: இன்று அந்தக் கணினியைப் பயன்படுத்துகிறவருக்கு இந்த செட்டிங் போகுமா, நாளை அதே கணினியில் புதிதாக லாகின் செய்கிறவருக்கும் போகுமா, பிறகு மாற்றினால் எவ்வளவு நேரத்தில் எல்லோரையும் எட்டும், கணினி அலுவலகத்துக்கு வெளியே இருந்தால் என்ன ஆகும்.

இன்ஸ்டாலரிலேயே எழுதுவது

பழைய ஆளுகளுக்கு இது நன்றாகப் பழக்கமான வழி. ஆஃபீஸ் 2003 காலத்தில் தனியாக ஒரு விஸார்டு இருந்தது. இன்ஸ்டாலரின் தேர்வுகளை மாற்றும், எம்.எஸ்.டி. என்ற டிரான்ஸ்ஃபார்ம் கோப்பை அது உருவாக்கித் தரும். 2007-லிருந்து 2016 வரை வால்யூம் லைசென்ஸ் (நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கும்) பதிப்பில் செட்டப் கோப்பை 'அட்மின்' என்ற சுவிட்சோடு ஓட்டினால் ஆஃபீஸ் கஸ்டமைசேஷன் டூல் திறக்கும். அதில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஓர் எம்.எஸ்.பி. கோப்பாகச் சேமித்து, 'அப்டேட்ஸ்' ஃபோல்டரில் போட்டுவிட்டால் போதும். இன்ஸ்டால் ஆகும்போது அது தானாகவே சேர்ந்துகொள்ளும்.

2019-லிருந்து அந்த வழி கிடையாது. இப்போது எல்லாம் கிளிக்-டு-ரன் என்ற புது இன்ஸ்டால் முறை. ஆஃபீஸ் டெப்ளாய்மென்ட் டூல் என்ற சின்ன செட்டப் கோப்பும், அதற்கு வழிகாட்டும் ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பும்தான் கருவிகள். எக்ஸ்.எம்.எல்.லைக் கையால் எழுத வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் இணையப் பக்கத்தில் டிக் அடித்து டிக் அடித்தே உருவாக்கிவிடலாம். மேக்ரோ எச்சரிக்கை, கோப்பு வடிவம் போன்ற விருப்பங்களையும் அதிலேயே எழுதலாம். ஏற்கனவே இன்ஸ்டால் ஆன கணினியில் அந்த விருப்பங்களை மட்டும் மறுபடி ஏற்ற 'கஸ்டமைஸ்' என்று தனி சுவிட்சும் இருக்கிறது.

வசதியாகத்தான் இருக்கிறது, ஒரே கோப்பில் எல்லாம் முடிந்துவிடும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. இந்த வழியில் எழுதும் விருப்பங்கள் தொடக்க நிலை மட்டுமே. அடுத்த நிமிடமே பயனர் உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம். கஸ்டமைசேஷன் டூல் காலத்திலிருந்தே மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடும் இதுதான்: அது தொடக்க மதிப்புகளுக்கு, கட்டாயப்படுத்துவதற்கு குரூப் பாலிசி (விண்டோஸில் உள்ள பாலிசி வசதி).

நான் முதன்முதலில் பொறுப்பேற்றுச் செய்த மாற்றத்தில் எண்பது சொச்சம் கணினிகள். டெம்ப்ளேட் ஃபோல்டரின் முகவரி உட்பட எல்லாவற்றையும் எம்.எஸ்.பி. கோப்பிலேயே எழுதிவிட்டேன். இன்ஸ்டால் செய்த அன்று கையைத் தட்டாத குறை. சில மாதங்களில் ஃபைல் சர்வர் மாறியது, பெயரும் மாறியது. வேர்டைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் டெம்ப்ளேட் ஃபோல்டர் காணாமல் போனது. புது எம்.எஸ்.பி. தயாரிக்கப் பத்து நிமிடம் போதும். அதை எண்பது கணினியிலும் ஓட்டி முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. வெளியூர்ப் பணியில் இருந்தவர்களின் லேப்டாப்கள்தான் கடைசிவரை இழுத்தன. பாலிசியில் ஒரு வரி மாற்றியிருந்தால் அன்று மதியத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

அப்படியானால் எக்ஸ்.எம்.எல். கோப்பில் என்னதான் இருக்க வேண்டும்? முதலில் 32 பிட்டா 64 பிட்டா என்பது. பின்னால் மாற்ற வேண்டுமானால் ஆஃபீஸையே கழற்றி மாட்ட வேண்டும், ஆகவே இதை அவசரமாக முடிவு செய்யாதீர்கள். கணக்குப் பிரிவில் பல வருடங்களாக ஓடும் எக்செல் மேக்ரோக்கள் இருந்தால், அவற்றில் விண்டோஸின் நிரல்களை நேரடியாக அழைக்கும் 'டிக்ளேர்' வரிகள் உள்ளனவா என்று தேடிப் பாருங்கள். அவற்றில் 'பி.டி.ஆர்.சேஃப்' என்ற சொல் இல்லாவிட்டால் 64 பிட்டில் அந்த மேக்ரோ நின்றுவிடும். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடும் நாளில் இதைக் கண்டுபிடிப்பதைவிட முன்பே கண்டுபிடிப்பது நல்லது.

அடுத்தது மொழி. தமிழ் இடைமுகம் வேண்டுமானால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆஃபீஸில் தமிழ் பகுதி மொழிபெயர்ப்பு கொண்ட மொழிகளின் பட்டியலில் வருகிறது. அதனால் தனியாக நிறுவ முடியாது. ஆங்கிலம் போன்ற முழு மொழி ஒன்றை முதலில் எழுதிவிட்டு, அதன் கீழே தமிழைச் சேர்க்க வேண்டும். அப்புறம் எந்தெந்த மென்பொருள் வேண்டாம், எந்த அப்டேட் சேனல் (புதுப்பிப்புகள் எவ்வளவு அடிக்கடி வர வேண்டும் என்பது), எம்.எஸ்.ஐ. என்ற பழைய இன்ஸ்டால் முறையில் வந்த பதிப்பை நீக்க வேண்டுமா என்பவை. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு வரி சேர்த்தால் 2010, 2013, 2016 பதிப்புகளை அதுவே கழற்றிவிடும். கோப்புகளை இணையத்திலிருந்து ஒருமுறை மட்டும் இறக்கி உள் சர்வரில் வைத்துக்கொண்டு, எல்லாக் கணினிகளையும் அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பல ஜிபி அளவுள்ள கோப்பை ஐம்பது கணினி ஒரே நேரத்தில் இழுத்தால் அன்று அலுவலகத்தில் இணையமே இருக்காது.

இமேஜும் ஸ்கிரிப்டும்

ஒரு கணினியைக் கச்சிதமாக அமைத்து, அதையே நகலெடுத்து எல்லாவற்றிலும் போடுவது இமேஜ் வழி. அமைத்த பயனரின் விருப்பங்களை எல்லோருக்கும் பொதுவான தொடக்க புரொஃபைலாக (ஒரு பயனரின் செட்டிங்குகளும் கோப்புகளும் சேர்ந்த தொகுப்பாக) மாற்ற, விண்டோஸின் சிஸ்பிரெப் கருவியில் 'காப்பி புரொஃபைல்' என்ற வசதி இருக்கிறது. கல்லூரி ஆய்வகம் போல, ஒரே மாதிரிக் கணினிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு இது பொருந்தும். புதிதாக உருவாகும் புரொஃபைலுக்கு மட்டுமே அது போகும், ஏற்கனவே லாகின் செய்தவருக்குப் போகாது. நடைமுறை அலுவலகத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லாகின் ஸ்கிரிப்டும், அதன் தம்பியான 'ஆக்டிவ் செட்டப்'பும் வேறு ரகம். ஆக்டிவ் செட்டப் என்பது ரெஜிஸ்ட்ரியின் கணினிப் பகுதியில் ஒரு கட்டளையையும் ஒரு பதிப்பு எண்ணையும் எழுதி வைப்பது. யாராவது லாகின் செய்யும்போது அவருடைய பகுதியில் அந்த எண் இருக்கிறதா என்று விண்டோஸ் பார்க்கும். இல்லாவிட்டால் கட்டளையை அவர் பெயரிலேயே ஒருமுறை ஓட்டும். எண்ணைக் கூட்டினால் எல்லோருக்கும் மறுபடி ஓடும். பழைய முறைதான், ஆனால் பாலிசி டெம்ப்ளேட்டே (பாலிசியில் எழுதக்கூடிய செட்டிங்குகளின் பட்டியலே) இல்லாத சிறு மென்பொருள்களுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. உள்ளூர் நிறுவனம் எழுதிக் கொடுத்த கணக்கு மென்பொருளுக்கு சர்வர் முகவரியை ஒவ்வொரு பயனருக்கும் எழுத இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆஃபீஸுக்கு இது தேவையில்லை.

குரூப் பாலிசி

விண்டோஸ் 2000-ல் வந்த குரூப் பாலிசிதான் இன்றும் டொமைன் (கணினிகளையும் கணக்குகளையும் ஒரு மைய சர்வரில் இணைத்த அமைப்பு) வைத்திருக்கும் அலுவலகங்களின் முதுகெலும்பு. ஆஃபீஸுக்கான ஏ.டி.எம்.எக்ஸ். டெம்ப்ளேட்களை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து தனியாக இறக்கி, டொமைன் கன்ட்ரோலர் என்ற அந்த மைய சர்வரில் உள்ள மையக் கிடங்கில் வைத்துவிட்டால் ஆயிரக்கணக்கான செட்டிங்குகள் பட்டியலாகத் தெரியும்.

இதன் பலம் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. பாலிசிக்கு என்று தனியாக ஒரு கிளை உண்டு, அதில் சாதாரணப் பயனரால் எழுத முடியாது. ஆஃபீஸ் திறக்கும்போது முதலில் அந்தக் கிளையைப் பார்க்கும், பிறகுதான் பயனரின் சொந்த விருப்பத்தைப் பார்க்கும். பாலிசியை எடுத்துவிட்டால் அந்தக் கிளையில் எழுதியதும் போய்விடும். பயனர் முன்பு வைத்திருந்த விருப்பம் அப்படியே திரும்பி வரும். இன்ஸ்டாலரோ ஸ்கிரிப்டோ எழுதிய மதிப்பு இப்படிப் போகாது. பச்சை குத்தியதுபோல் நின்றுவிடும், யார் எழுதியது என்றும் பின்னால் தெரியாது.

மாற்றம் எவ்வளவு சீக்கிரம் போகும்? கணினிகள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, கூடவே 30 நிமிடம் வரை கூடுதலாக எடுத்துக்கொண்டு, பாலிசியைப் புதுப்பித்துக்கொள்ளும். காலையில் மாற்றினால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் போயிருக்கும். புதிதாக லாகின் செய்கிறவருக்கும் தானாகவே கிடைக்கும்.

குறைகளும் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்கிறவரின் லேப்டாப் டொமைன் கன்ட்ரோலரைத் தொட வேண்டும், அதாவது வி.பி.என். என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக உள்ளே வந்தாக வேண்டும். அதுவரை பழைய பாலிசியே ஓடும். 'டிஸேபிள்டு' என்பதும் 'நாட் கான்ஃபிகர்டு' என்பதும் ஒன்றல்ல என்பதை ஒவ்வொரு புது ஆளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. முன்னது செட்டிங்கை அணைத்துப் பூட்டுவது. பின்னது அதில் தலையிடாமல் இருப்பது.

இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டது, கவனமாகப் படியுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் 'பிசினஸ்' என்ற பெயரில் வரும் ஆஃபீஸ் பதிப்பு, ஆஃபீஸுக்கான குரூப் பாலிசியை ஏற்பதில்லை. 'என்டர்பிரைஸ்' பதிப்புதான் ஏற்கும். விலை குறைவு என்று பிசினஸ் பதிப்பை வாங்கிவிட்டு, பாலிசி ஏன் வேலை செய்யவில்லை என்று நாள்கணக்கில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனிலேயே சேராது என்பதையும் கணினி வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

கிளவுட் பாலிசியும் இன்ட்யூனும்

மைக்ரோசாஃப்டின் இணையச் சேவை வழியாக வரும் கிளவுட் பாலிசி கணினியைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது. ஆஃபீஸில் அலுவலகக் கணக்கில் உள்ளே வந்தால் போதும், அவருக்கான பாலிசி இறங்கிவிடும். கணினி டொமைனில் இருக்க வேண்டிய அவசியமில்லை, வி.பி.என். வேண்டாம். அவரவர் வீட்டுக் கணினியிலும் வேலை செய்யும். ஒரே செட்டிங் குரூப் பாலிசியிலும் கிளவுட் பாலிசியிலும் வேறு வேறாக இருந்தால் கிளவுட் சொல்வதுதான் நிற்கும். இரண்டையும் கலந்து வைத்திருக்கும் இடத்தில் இது தெரியாமல் இருந்தால் தலைவலிதான்.

வரம்பு என்னவென்றால், இது பயனர் சார்ந்த செட்டிங்குகளுக்கு மட்டும், அதுவும் சந்தாப் பதிப்புக்கு மட்டும். ஒருமுறை பணம் கட்டி வாங்கும் ஆஃபீஸ் பதிப்பான எல்.டி.எஸ்.சி. 2024-ஐ எடுத்தால் குரூப் பாலிசிதான் வழி. அதற்கு 2029 அக்டோபர் 9 வரை ஆதரவு இருக்கிறது, புது வசதிகள் நடுவில் வந்து தொந்தரவு செய்யாது. டொமைன் உள்ள, எல்லோரும் ஒரே கட்டடத்தில் உட்காரும் அலுவலகத்துக்கு அதுவும் குரூப் பாலிசியும் நல்ல ஜோடி.

மைக்ரோசாஃப்டின் கிளவுட் வழிக் கணினி நிர்வாகச் சேவையான இன்ட்யூன் கணினியையும் ஆளையும் சேர்த்தே பார்க்கும். இன்ஸ்டாலும் அதிலிருந்தே அனுப்பலாம், பாலிசியும் அனுப்பலாம். வழக்கமாகக் கணினிகள் அதைத் தொடர்புகொள்வது சுமார் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. அவசரமாக ஒன்றை மாற்ற வேண்டிய நாளில் அந்த 8 மணி நேரம் மிக நீளமாகத் தெரியும். ஆள் கணக்குப் பார்த்துக் கட்டணமும் உண்டு. லேப்டாப்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் நிறுவனத்துக்கு அந்தக் கட்டணம் நியாயமானது. முப்பது டெஸ்க்டாப் உள்ள அலுவலகத்துக்கு அவசியமில்லை.

பூட்டுவதும் விட்டுவிடுவதும்

பாலிசி கைக்கு வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டிவிடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஒரு கணக்காளர் எக்செல்லின் டூல்பாரைத் தன் வசதிக்கு அமைத்துக்கொள்வதால் அலுவலகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வதைத் தடுக்க நாம் யார்?

இந்த விஷயத்தில் பிரவுசர்கள் ஆஃபீஸைவிடத் தெளிவாக யோசித்திருக்கின்றன. குரோமில் கட்டாயப் பாலிசி என்றும் பரிந்துரைப் பாலிசி என்றும் இரண்டு கிளைகள் உண்டு. இரண்டாவதில் எழுதினால் அது தொடக்க மதிப்பு மட்டுமே, பயனர் மாற்றிக்கொள்ளலாம். 2018-ல் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 60-லிருந்து பாலிசிகளை ஒரு ஜேசன் கோப்பிலும் எழுதலாம்; இன்றைய பதிப்புகளில் ஒவ்வொரு விருப்பத்துக்கும் இது தொடக்க மதிப்பா, பூட்டப்பட்டதா என்று சொல்லிவிடலாம். லிப்ரே ஆஃபீஸிலும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை எழுதி, பக்கத்தில் 'ஃபைனல்' என்பதை 1 ஆக வைத்தால் பூட்டு, வைக்காவிட்டால் பூட்டில்லை. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸில் அந்த மென்மையான நடுநிலை வேண்டுமானால் எக்ஸ்.எம்.எல். விருப்பங்களோ, பூட்டாமல் மதிப்பை மட்டும் எழுதும் குரூப் பாலிசி பிரிஃபரன்ஸோதான் கை கொடுக்கும். அந்த அளவுக்கு இன்ஸ்டாலரில் எழுதுவதற்கும் ஓர் இடம் இருக்கிறது.

கட்டாயம் பூட்ட வேண்டியது மேக்ரோ. இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோவைத் தடுக்கும் பாலிசி ஆஃபீஸ் 2016-லிருந்தே இருக்கிறது. 2022 பிப்ரவரியில் இதை எல்லோருக்கும் இயல்பாகவே நடைமுறைப்படுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றது, அதே மாதக் கடைசியில் மறுபடி கொண்டுவந்தது. நேற்று தடுத்த கோப்பு இன்று ஓடுகிறது, நாளை மறுபடி தடுக்கிறது என்ற நிலை. பாலிசியில் ஏற்கனவே எழுதி வைத்திருந்த அலுவலகங்களில் இந்த இழுபறி தெரியவே இல்லை. உள்ளூர் மேக்ரோக்கள் ஓட வேண்டுமானால் நம்பகமான ஃபோல்டர் ஒன்றைப் பாலிசியிலேயே குறிப்பிடுங்கள். அது நெட்வொர்க்கில் இருந்தால் அதற்கு அனுமதி தரும் செட்டிங் தனியாக இருக்கிறது, அதையும் சேர்த்து இயக்க வேண்டும்.

தமிழ் எழுத்துரு பற்றிக் கேட்பவர்கள் நிறைய. வேர்டில் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற பெயரில் வேறொரு எழுத்துரு, அதற்குத் தனி அளவு. ஆங்கிலத்துக்கான இடத்தில் மட்டும் மாற்றிவிட்டு, தமிழ் ஏன் மாறவில்லை என்று குழம்புகிறவர்கள் பலர். தொடக்க டெம்ப்ளேட்டான நார்மல் கோப்பு ஒவ்வொருவரின் புரொஃபைலுக்குள்ளும் தனித்தனியாக இருக்கிறது. அதை வெளியிலிருந்து மேலெழுதினால் அவர்கள் சேர்த்து வைத்த ஸ்டைல்களும் அழியும். நான் செய்வது: கடிதம், குறிப்பாணை, அறிக்கை என்று மூன்று டெம்ப்ளேட்களைத் தமிழ் எழுத்துருவும் அளவும் சரியாக அமைத்துப் பொது ஃபோல்டரில் வைத்துவிடுவேன். வொர்க்குரூப் டெம்ப்ளேட்களுக்கான முகவரியாக அந்த ஃபோல்டரைப் பாலிசியில் கொடுப்பேன். நிர்மலா யூ.ஐ. விண்டோஸ் 8-லிருந்து கூடவே வருவதால் எழுத்துருவைத் தனியாக நிறுவும் வேலையும் இல்லை.

சரி, எல்லாம் எழுதி முடித்த பிறகு சோதிப்பது எப்படி? உங்கள் சொந்தக் கணக்கில் சோதிக்காதீர்கள். நிர்வாக உரிமை இல்லாத, அந்தக் கணினியில் இதுவரை லாகின் செய்யாத ஒரு புதுக் கணக்கை உருவாக்குங்கள். அதில் உள்ளே போய் வேர்டைத் திறந்து, மேக்ரோ உள்ள ஒரு கோப்பை மின்னஞ்சலில் அனுப்பித் திறந்து பாருங்கள். அப்புறம் பல வருடமாகப் பழைய ஆஃபீஸ் ஓடிய ஒரு கணினியை, அதன் சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் தினமும் திறக்கும் கோப்புகளை அவரையே திறக்கச் சொல்லுங்கள். புதுக் கணக்கில் தெரியாத சிக்கல்கள் அங்கேதான் தெரியும்.